மோட்டாரைத் தொடாதீர்கள், மற்றதையெல்லாம் மாற்றுங்கள்

சித்தூர், திருப்பதி மாவட்டப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

புத்தூரிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். விடுமுறை நாட்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ராக்கெட் செய்வது இப்போது என் வேலையாகிவிட்டது. உங்கள் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி என்று கூப்பிட்டால் தவறாமல் வருகிறேன். அங்கே பார்த்ததை வைத்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் வாசலருகே ஒரு பிஎஸ்எல்வி நிற்கிறது. தெர்மோகோலில் செதுக்கி, வண்ணம் அடித்து, மூவர்ணக் கொடி ஒட்டியிருக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கும்: நான்கு கட்டங்கள், முதலாவது திட எரிபொருள், இரண்டாவது திரவம், மூன்றாவது திடம், நான்காவது திரவம். நன்றாகத்தான் சொல்கிறது. ‘கண்ணு, இதன் தலைப்பக்கம் கொஞ்சம் களிமண் வைத்தால் நேராகப் போகுமா, கவிழுமா?’ என்று கேட்டால் வாய் மூடிக்கொள்கிறது. பிள்ளை மேல் குற்றமில்லை. அந்தக் கேள்வியைத் தானே சோதித்துப் பார்க்கும்படியான ஒரு பொருளை நாம் அதன் கையில் கொடுக்கவில்லை.

இரண்டொரு வருடமாகத் தெர்மோகோலுக்குப் பதில் கடையில் வாங்கிய ராக்கெட் கிட்டுகள் வர ஆரம்பித்திருக்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம். ஆனால் பெட்டியைப் பிரித்தால் பாகங்கள் தயாராக இருக்கின்றன. படத்தைப் பார்த்து ஒட்டினால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. இறக்கை ஏன் அந்த அளவு, மூக்கு ஏன் அந்த எடை என்பதையெல்லாம் பிள்ளை யோசிக்க வேண்டியதே இல்லை. வேறு யாரோ முன்பே யோசித்து முடித்துவிட்டார்கள். அதனால் என் வேண்டுகோள் இதுதான்: கிட்டை வாங்குங்கள், ஒருமுறை உள்ளபடியே பறக்கவிடுங்கள், பிறகு அதைப் பிரித்து மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் கழித்துப்போடும் பொருளை வைத்தே மாற்றட்டும். உந்துசக்தி தரும் பாகம் ஒன்றை மட்டும் யாரும் தொடக்கூடாது.

இது நம் மண்ணுக்குப் புதிய யோசனை இல்லை. மைசூரின் ஹைதர் அலி 1782 டிசம்பரில் உயிர்விட்டது சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டையில் போட்டிருந்த பாசறையில். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1780 செப்டம்பரில், காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் அவரும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை முறியடித்தபோது மைசூர் ராக்கெட்டுகள் பெரிய பங்கு வகித்தன. அந்த ராக்கெட்டில் என்ன விசேஷம் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மருந்து என்பார்கள். மருந்து எல்லோரும் அறிந்த பழைய கருமருந்துதான். மாறியது அதை அடைத்த குழாய். அன்றைக்கு ஐரோப்பாவில் ராக்கெட்டுக்கு அட்டைக் குழாய்தான் வழக்கம். மைசூரில் இரும்புத் தகட்டைக் குழாயாக்கினார்கள். இரும்பு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியதால் மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது, வேகமும் தூரமும் கூடின. நேராகப் போவதற்கு ஓர் ஆள் உயர மூங்கில் கழியை வாலாகக் கட்டினார்கள். பிடித்துக்கொண்டு போன ராக்கெட்டுகளை ஆராய்ந்துதான் வில்லியம் காங்கிரீவ் 1800-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தன் ராக்கெட்டை உருவாக்கினார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் யாரும் இரும்பைத் தொடக்கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவேன். படைக்கலத்துக்கு இரும்பு, பள்ளி மைதானத்துக்குக் காகிதம், அட்டை, மெல்லிய பிளாஸ்டிக், லேசான மரம். உலகெங்கும் மாதிரி ராக்கெட் விடுபவர்கள் உடல், மூக்கு, இறக்கை எதிலும் உலோகம் சேர்ப்பதில்லை. வெடித்தால் தெறிப்பது அட்டையாக இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். அமெரிக்காவில் 1950-களில் ஆர்வில் கார்லைல், ஹாரி ஸ்டைன் போன்றவர்கள் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கியபோது வகுத்த ஒழுங்கும் இதுவே: மருந்தை வீட்டில் கலக்காதே, ஆலையில் செய்த மோட்டாரை வாங்கு, மற்றதை நீ செய்.

அந்த மோட்டார் விஷயத்தில் நம் நாட்டு நிலைமையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெடிபொருள் சட்டம் 1884-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. விதிகள் 2008-இல் புதுப்பிக்கப்பட்டன. மருந்து அடைத்த ராக்கெட் மோட்டாரை ஒரு பள்ளி தன் போக்கில் செய்யவோ சேமித்து வைக்கவோ வழியில்லை. இன்-ஸ்பேஸ் போன்ற அமைப்புகள் நடத்தும் மாணவர் போட்டிகளில் அனுமதியோடு, வல்லுநர் மேற்பார்வையில் அது நடக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அங்கே போகட்டும். ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரையில் எரிபொருள் கலக்கும் பையன்கள் நம் ஊர்களிலும் உண்டு. கை விரல் போகும், கண் போகும். கரும்புச் சோகையும் காய்ந்த புல்லும் நிறைந்த நம் கோடையில் ஒரு பொறி விழுந்தால் ஊரே எரியும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம், உறுதியாகத் தடுங்கள்.

பள்ளிக்குத் தண்ணீர் ராக்கெட் போதும். குளிர்பான பாட்டில், கொஞ்சம் தண்ணீர், சைக்கிள் பம்பு. அடைத்த காற்று தண்ணீரைக் கீழே தள்ள, பாட்டில் மேலே போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி கண்ணெதிரே நடக்கிறது. ஏவுதளம், வால்வு, அழுத்தமானி எல்லாம் சேர்ந்த கிட் கிடைக்கிறது. அந்த ஏவுதளமும் வால்வும்தான் இங்கே ‘தொடாதே’ பட்டியலில் வருபவை. மற்றது பிள்ளைகளுடையது.

முதலில் பாட்டிலைப் பார்ப்போம். காற்றடைத்த குளிர்பானம் வந்த பாட்டில் மட்டுமே வேண்டும். அடிப்பாகத்தைத் திருப்பினால் பூவிதழ் மாதிரி ஐந்து கால்கள் இருக்கும்; உள்ளே இருக்கும் வாயு அழுத்தத்துக்காகவே அப்படி வார்த்திருக்கிறார்கள். வெறும் குடிதண்ணீர் பாட்டில் அழுத்தத்துக்காகச் செய்ததல்ல, அதை ஒதுக்கிவிடுங்கள். கீறல் விழுந்தது, மடங்கியது, மொட்டைமாடி வெயிலில் கிடந்தது, வெந்நீர் ஊற்றியது எதுவும் ஆகாது. பாட்டில் மேல் சூடான பசைத் துப்பாக்கியை வைக்கவே கூடாது. சூடு பட்ட இடம் இளகிப் பலம் இழக்கும். அப்படியானால் இறக்கையை எப்படி ஒட்டுவது? இரண்டாவது பாட்டில் ஒன்றின் நடுப்பகுதியை வளையமாக வெட்டி, இறக்கைகளை அந்த வளையத்தில் பொருத்தி, வளையத்தை முதல் பாட்டிலின் மேல் செருகிவிடுங்கள். அழுத்தம் தாங்கும் பாட்டிலில் ஒரு சொட்டுப் பசை படாது. இறக்கை உடைந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். வளையத்தை மேலும் கீழும் நகர்த்திச் சோதிக்கவும் முடியும், கிட்டில் வரும் நிரந்தர இறக்கையில் முடியாத காரியம்.

இறக்கைக்குப் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டை அருமை. எக்ஸ்ரே படமும் பயன்படும், ஆனால் ஒற்றையாக வைத்தால் துடிக்கும். இரண்டை ஒட்டி வைக்க வேண்டும். பழத்தோட்டத்து அட்டைப்பெட்டி லேசானதுதான், முதல் முறை நனைந்ததுமே தொங்கிப்போகும். தண்ணீர் ராக்கெட்டுக்கு நனையாத பொருளே வேண்டும் என்பதை நான் சொல்லாமல் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

மூக்குக்கு நம் பக்கத்தில் ஒரு வரப்பிரசாதம் இருக்கிறது. நகரி, புத்தூர் தறிக்கூடங்களில் நூல் தீர்ந்த காகிதக் கோன்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். கெட்டியான அட்டை, வழவழப்பான சரிவு, அளவு பிசகாமல் ஆலையில் வார்த்தது. கிட்டில் வரும் பிளாஸ்டிக் மூக்குக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. சிறிய பாட்டிலாக எடுத்து, சார்ட் தாளில் ஒரு கழுத்துப்பட்டி செய்து கோனை அதில் உட்கார வையுங்கள். நுனி ஓட்டையை ஸ்பாஞ்சு துண்டால் அடைத்துவிடுங்கள். யார் மேலாவது பட்டாலும் குத்தாது. தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை அந்தக் கோனைக் கொண்டுவந்து வைக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்பாவின் வேலையிலிருந்து ஒரு பொருள் ராக்கெட்டுக்கு வந்துவிட்டது.

பாராசூட்டுக்கு எல்லோரும் முதலில் பால் பாக்கெட்டைத்தான் எடுப்பார்கள். அது தடிமன், மடித்தால் மடித்தபடியே நின்று, விரியாமல் கீழே வரும். உடைந்த குழந்தைக் குடையின் துணி நல்லது. லேசு, கிழியாது, எட்டு மூலையிலும் கம்பி கோத்த தையல் ஏற்கெனவே இருக்கிறது. அந்த எட்டு இடத்திலும் நூலைக் கட்டினால் வேலை முடிந்தது. மூக்கை ஒட்டாமல் தொப்பி மாதிரி வைத்தால் உச்சியில் ராக்கெட் சாயும்போது கழன்று, உள்ளே மடித்த துணி வெளியே வரும். அதிகம் தளர்ந்தால் ஏறும்போதே கழன்றுவிடும், இறுக்கமாக இருந்தால் கழலவே கழலாது. எவ்வளவு தளர்வு என்பதைத் தேடுவதிலேயே ஒரு மாதம் போகலாம். போகட்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஒரு பெண்பிள்ளை, எட்டாம் வகுப்பு, நகரிப் பக்கம். கோன் வைத்து அழகாக ஒரு ராக்கெட் செய்தாள். ஏவியதும் அது குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. இறக்கையைப் பெரிதாக்கலாம் என்றாள். பொறு, முதலில் அளந்து பார் என்றேன். ராக்கெட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, எங்கே கட்டினால் படுக்கைவாட்டில் நிற்கிறதோ அங்கே கோடு போட்டாள். அது எடை மையம். பிறகு ராக்கெட்டை அட்டையின் மேல் படுக்க வைத்து அதன் உருவத்தை அப்படியே வரைந்து வெட்டினாள். வெட்டிய அட்டையை ஸ்கேல் விளிம்பில் வைத்து, எந்தப் பக்கமும் சாயாத இடத்தில் இன்னொரு கோடு. அது ஏறக்குறைய காற்றின் அழுத்த மையம். ராக்கெட் நேராகப் பறக்க எடை மையம் மூக்குப் பக்கமும் அழுத்த மையம் வால் பக்கமும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ராக்கெட்டின் குறுக்களவாவது இடைவெளி வேண்டும். அவளுடைய இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று நின்றன. இறக்கையைத் தொடவே இல்லை. கோனுக்குள் களிமண் உருண்டை ஒன்றை வைத்தாள். எடை மையம் முன்னே நகர்ந்தது. அடுத்த ஏவலில் ராக்கெட் சீறிக்கொண்டு நேராக மேலே போனது.

மைசூர் மூங்கில் கழி செய்த வேலையும் இதுதான் என்று அன்றைக்கே அவளிடம் சொன்னேன். தீபாவளி வாணத்தின் ஈர்க்குச்சியும் அதையே செய்கிறது. எடை மையம் பார்க்கும் சோதனைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நொடிக்கும் குறைவான நேரத்தில் தண்ணீர் வெளியேறிவிடும், மிச்ச நேரமெல்லாம் ராக்கெட் காலியாகத்தான் பறக்கிறது. அட்டையை வெட்டிப் பார்க்கும் முறை கறாரான கணக்கு இல்லை. ஆனாலும் அது காட்டும் இடம், நேராகப் பறக்கும்போது உள்ள அழுத்த மையத்தைவிட மூக்குக்குச் சற்று அருகிலேயே விழும். அதில் தேறினால் பயமில்லை.

இறக்கையைப் பெரிதாக்க ஏன் வேண்டாம் என்றேன்? பெரிய இறக்கை ராக்கெட்டைக் காற்று வரும் திசைக்குத் திருப்பிவிடும். நேரே மேலே போக வேண்டியது சாய்ந்து ஓடும். மாலைக் காற்று வீசும் நம் ஊர் மைதானங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். காற்று என்றதும் காதங்கி நினைவுக்கு வருகிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தில், 1,024 ஆன்டெனாக்களை ஒரு மைதானம் முழுக்க நட்டு 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரால் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரம் வரை காற்றின் போக்கை அளக்கிறார்கள். சாய்ந்து ஓடிய ராக்கெட்டை ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு, மேலே வீசும் காற்றை ஏன் இவ்வளவு பாடுபட்டு அளக்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

எடை விஷயத்தில் ஒரு பிசகான நம்பிக்கை ஆசிரியர்களிடமும் இருக்கிறது: எடை குறையக் குறைய உயரம் கூடும் என்று. கசக்கிய காகிதத்தையும் அதே அளவு கல்லையும் வீசிப் பாருங்கள், எது தூரம் போகிறது? மிகவும் லேசான ராக்கெட்டைக் காற்று சீக்கிரமே நிறுத்திவிடும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு பொருத்தமான எடை உண்டு. அதைத் தேடிப் பிடிக்கத்தான் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. தண்ணீரும் அப்படியே. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்கி, கூட்டியும் குறைத்தும் பார்க்கட்டும்.

மருந்து மோட்டார் கிட்டை வருங்காலத்தில் கையாளப்போகும் பெரிய பிள்ளைகளுக்கு எடை இன்னும் முக்கியம். மோட்டாரின் மேல் சி6-5 என்று எழுதியிருந்தால், சி என்பது மொத்தக் கணத்தாக்கின் வகை, 6 என்பது சராசரி உந்துவிசை நியூட்டனில், 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும்வரை ஓடும் நொடிகள். வீட்டுப் பொருள் சேர்த்து ராக்கெட் கனமானால் அது உச்சியைச் சீக்கிரம் தொட்டுத் திரும்பிவிடும். ஐந்து நொடி முடிவதற்குள் தலைகுப்புற வந்துகொண்டிருக்கும். அப்போது சி6-3 போல் தாமதம் குறைந்த மோட்டார் வேண்டும். மோட்டாரைத் தொடாதே என்பதற்கு, மாற்றிய ராக்கெட்டுக்குப் பொருந்தும் மோட்டாரைத் தேர்ந்தெடு என்பதும் அர்த்தம்.

உயரத்தை அளக்காவிட்டால் இதெல்லாம் வேடிக்கையாகவே நின்றுவிடும். பாகைமானியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் கருவி தயார். ஏவுதளத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளை, ராக்கெட் உச்சிக்குப் போனதும் கோணத்தைப் பார்க்கட்டும். 45 பாகை என்றால் உயரம் 30 மீட்டர். 35 பாகை என்றால் 21. அதோடு பிள்ளையின் கண் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிள்ளையை நிறுத்திச் சராசரி எடுத்தால் காற்றில் சாய்ந்த பிழை குறையும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் எதற்கு என்று கேட்கும் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்புங்கள்.

ஒவ்வொரு ஏவலையும் நோட்டில் எழுத வேண்டும்: என்ன மாற்றினோம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அழுத்தம், என்ன கோணம், எப்படி விழுந்தது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். விழுந்ததை எழுதப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். எஸ்எல்வி-3 முதல் தடவை 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்கக் கடலில் விழுந்ததைச் சொல்லுங்கள். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு பழுதாகி ஆக்சிஜனூட்டி கசிந்தது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது.

சிலபஸ் முடிக்கவே நேரமில்லை, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டும் நியாயமான கவலை. நேரத்துக்கு, குப்பம் அருகே குடிவங்காவில் அகஸ்தியா அறக்கட்டளை 172 ஏக்கரில் நடத்தும் வளாகத்தைப் பிள்ளைகளோடு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். விலை குறைந்த சாதாரணப் பொருட்களை வைத்து, கையால் செய்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைப் பார்த்தால் இது பாடத்துக்கு வெளியே உள்ள வேலை என்ற எண்ணம் போய்விடும்.

பாதுகாப்புக்கு நான் வைத்திருக்கும் கட்டுப்பாடுகளைச் சொல்கிறேன், இதில் ஒன்றையும் குறைக்காதீர்கள். புதிய பாட்டில் ஒவ்வொன்றிலும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, பறக்கும்போது வைக்கும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிச் சோதிக்க வேண்டும். காற்றுக்கு இடமில்லாததால் உடைந்தாலும் சீறாது. ஏவும்போது 50 பிஎஸ்ஐ-க்கு மேல் போகக்கூடாது. அழுத்தமானி இல்லாத பம்பை மைதானத்துக்கே கொண்டுவரக் கூடாது. பம்பு அடிப்பவர் பெரியவராக இருக்க வேண்டும், கண்ணாடி போட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் பத்து மீட்டர் தள்ளி நின்று கயிற்றை இழுத்து ஏவட்டும். அழுத்தம் ஏற்றிய பாட்டிலின் பக்கம் யாரும் குனியக் கூடாது. ஏவாமல் நின்றுவிட்டால் காற்றைத் தூரத்திலிருந்தே வெளியேற்றும் வழி ஏவுதளத்தில் இருக்க வேண்டும். மின்கம்பிக்கும் சாலைக்கும் ரேணிகுண்டா விமான நிலையத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். மரத்திலோ கம்பியிலோ மாட்டியதை விட்டுவிடுங்கள்.

நம் ஊரின் அதிர்ஷ்டத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. இரவில் ராக்கெட் ஏவினால், வானம் தெளிவாக இருந்தால், மொட்டைமாடியிலிருந்தே நெருப்புக் கோடு தெரிகிறது. இன்றைக்கு அங்கிருந்து எவ்வளவோ பெரிய ராக்கெட்டுகள் போகின்றன. முதன்முதலில் அங்கே ஏவப்பட்டது ரோகிணி-125 என்ற சின்ன ஆய்வு ராக்கெட்; 125 மில்லிமீட்டர் குறுக்களவு, இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலைவிடக் கொஞ்சம்தான் பருமன். நாள் 1971 அக்டோபர் 9.

உலக விண்வெளி வாரம் வருடாவருடம் அக்டோபர் 4 முதல் 10 வரை வருகிறது. அந்த 9-ஆம் தேதி அதற்குள்ளேயே விழுகிறது. இந்த வருடம் அன்றைக்கு ஒவ்வொரு பள்ளியும் தெர்மோகோல் மாதிரிக்குப் பதில் ஒரு ராக்கெட்டைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிட்டாக வாங்கி, வீட்டுப் பொருளால் மாற்றி, பறக்கவிட்டது. கூடவே அதன் நோட்டும் வர வேண்டும். பரிசு உயரத்துக்கு வேண்டாம், நோட்டுக்குக் கொடுங்கள். தசரா விடுமுறை குறுக்கிட்டாலோ மழை பிடித்துக்கொண்டாலோ ஒரு வாரம் தள்ளி வைக்கலாம். ஏவுதளம் வாங்க வசதியில்லாத பள்ளிகள் சொல்லியனுப்புங்கள். எங்களிடம் இருப்பதை முறை வைத்து அனுப்புகிறோம், அழுத்தமானி வைத்த பம்பும் சேர்த்து. தறிக்கூடங்களில் சொல்லி வைத்திருக்கிறேன். கோன்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தருவார்கள்.

அன்புடன்,
புத்தூரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை